மழைக்காகத் தோண்டிய குழி

ஓசூர் தாலுகா,
துர்முகி வருடம், ஆவணி.

தம்பி நாராயணப்பனுக்கு அக்கா சாந்தம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதக் கை வரவில்லை. பூனா வானிலை ஆபீசில் வேலை பார்க்கும் நீயும் பிள்ளைத்தாய்ச்சியான உன் மனைவியும் சுகமாகவே இருப்பீர்கள்.

அம்மாவைத் தோண்டி எடுத்துவிட்டார்கள். எரித்தும்விட்டார்கள். ஏரிக்கரையில் நீயும் தோள் கொடுத்துக் கொண்டுபோய் வைத்த இடம் இப்போது வெறும் பள்ளம். அதில் மழைத்தண்ணீர் நிற்கிறது.

ஆடி முழுக்க ஒரு தூறல் இல்லை. ராகிப் பயிர் கருகியது. மாடுகளைக் குந்தாரப்பள்ளி சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போனவர்கள், வாங்க ஆளில்லாமல் திரும்பி வந்தார்கள். அப்போதுதான் ஊர்க்கவுண்டர் எல்லப்பன், "வெண்குஷ்டம் வந்த உடம்ப மண்ணுல வெச்சா மழை எப்பிடி வரும்? தோண்டி எடுத்து எரிக்கணும்" என்று ஆரம்பித்தார். அம்மாவின் தோல் அங்கங்கே வெளுத்திருந்தது, அவ்வளவுதான். அவள் கிண்டிய களியை அவரும்தான் நம் வீட்டில் உட்கார்ந்து தின்றிருக்கிறார்.

உடனே புறப்பட்டு வா என்று எழுதினேன். நீ வரவில்லை, கடிதம்தான் வந்தது. வானத்தில் மிக உயரத்தில் காற்று ஆறுபோல் கிழக்கே ஓடுகிறது, அது நேராக ஓடாமல் பூமியையே சுற்றி வளைந்து வளைந்து பெரிய அலைகளாகப் போகிறது என்று எழுதியிருந்தாய். பூமி சுழலுவதால் வடக்கே ஏறிய காற்று தெற்கே திரும்புகிறது, தெற்கே இறங்கியது வடக்கே திரும்புகிறது. காற்று அலையைக் கிழக்கே தள்ள, அலையோ மேற்கே இழுக்க, மிக நீளமான அலை நின்ற இடத்திலேயே நின்றுவிடும். அப்படி நின்றால் ஓரிடத்தில் வெள்ளம், ஓரிடத்தில் வறட்சி. இந்த வருடம் அப்படித்தான் நிற்கிறது, நகர்ந்தால் மழை வரலாம், பொறுத்திரு அக்கா என்று முடித்திருந்தாய்.

நான் பொறுத்திருக்கவில்லை. ஊர்க்கூட்டத்தில் எழுந்து அதை வாசித்தேன். எல்லப்பன் கேட்டார்: "ஏம்மா, காத்துல அலை அடிக்குதா? அத எவன் பார்த்தான்? மேகம் நம்ம எல்லை வரைக்கும் வந்து திரும்பிப் போவுதே, அத நாங்க கண்ணால பாக்கறோம்." பலூன் விட்டுப் பார்க்கிறார்கள் என்றேன். சிரித்தார்கள். புளி வியாபாரி கௌஸ் மொய்தீன் ஒருவர்தான், "படிச்ச புள்ள எழுதியிருக்கான், கொஞ்சம் பொறுங்க" என்றார். உன் சாதி வழக்கமா இது, சும்மா இரு என்று அவர் வாயையும் அடைத்துவிட்டார்கள். நீ நேரில் வந்து நின்றிருந்தால் அந்தச் சிரிப்பு எழுந்திருக்குமா?

குழிமேல் படுத்துக்கொண்டேன். என் கையைக் காலைப் பிடித்து இழுத்துப் போட்டார்கள். கடப்பாரை இறங்கியபோது நான் போட்ட கூச்சல் ஏரிக்கு அந்தப் பக்கம் வரை கேட்டதாம். உனக்குக் கேட்கவில்லை.

அடுத்த வாரமே மழை கொட்டியது. உன் அலை நகர்ந்துவிட்டது போலிருக்கிறது. நீ சொன்னதுதான் நடந்தது, ஆனால் ஜெயித்தது எல்லப்பன். கோயிலில் பொங்கல் வைத்து, "பாத்தீங்களா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். என்னிடமும் கேட்டார். காறித் துப்பிவிட்டு வந்தேன்.

லீவு கிடைக்கவில்லை என்று எழுதுகிறாய். நான் நம்பவில்லை. அம்மாவின் தோலைப் பற்றி உன் மாமனார் வீட்டுக்குத் தெரியாது. நீ வந்து பேசினால் தெரிந்துவிடும். அதுதானே?

மேலத்தெரு நஞ்சம்மாவுக்கும் கழுத்திலும் கையிலும் வெளுத்திருக்கிறது. மழை பெய்த அன்று ஊரே தெருவில் நனைந்து குதித்தது. அவள் மட்டும் என் வீட்டுக்கு வந்து மூலையில் உட்கார்ந்தாள். "நான் எந்த ஊருல போயி சாவறது, சாந்தா?" என்று கேட்டாள். நான் என்ன சொல்வது? காற்றின் அலையைச் சொல்லவா?

தம்பி, இப்போதாவது வா. எனக்கு எழுதியதை இவர்களுக்குச் சொல். தமிழில் சொல், தெலுங்கில் சொல், கன்னடத்தில் சொல். கேட்காவிட்டால் மறுபடியும் சொல். அம்மாவுக்கு இனிச் செய்ய ஒன்றுமில்லை. நஞ்சம்மா உயிரோடு இருக்கிறாள்.

உனக்குப் பிள்ளை பிறக்கப்போகிறது. நல்ல நிறமாகப் பிறக்கட்டும் என்று எல்லோரும் வாழ்த்துவார்கள். நான் அப்படி வாழ்த்தமாட்டேன். எந்தத் தோலோடு பிறந்தாலும், அதன் கையைப் பிடித்துக்கொண்டு நம் ஊர்த் தெருவில் நடக்கிற தைரியம் உனக்கு வரட்டும்.

உன் அக்கா,
சாந்தம்மா