மாஸ்டருக்கு அனுப்பிய தைலம்

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். முழங்கால் வலி தேவலையா? அப்பா மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா? நான் நன்றாக இருக்கிறேன்.

எங்கள் ஹோட்டல் மாஸ்டருக்கு ஓயாத சளி, மூக்கில் ரத்தம் என்று எழுதினேன். நீயும் தைலம் அனுப்பினாய். அது சளியே இல்லையாம். கொக்கைன் என்கிற போதைப்பொடி. இரண்டு ஆள் வேலையைத் தனியாகப் பார்க்க, அதை மூக்கால் உறிஞ்சியிருக்கிறார். வாசனை தெரியும் சக்தியே போய்விட்டது. "தம்பி, அடிப்பிடிக்குதான்னு பாரு" என்று என்னைக் கூப்பிடுவார். எனக்கு அதில் பெருமை வேறு.

போன வாரம் அடுப்பருகே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ஒன்றும் புரியாமல் உன் தைலத்தைத்தான் தேய்த்தேன். ஆஸ்பத்திரி போவதற்குள் இதயம் நின்றுவிட்டது. அந்தப் பொடிதான் காரணம் என்றார் டாக்டர். அவருக்கு நாற்பது வயதுகூட இல்லை.

பதறாதே, அந்தப் பொடி பக்கமே நான் போகமாட்டேன். நாங்கள் சேர்ந்து தங்கிய அறையில் அவர் கட்டில் காலியாகக் கிடக்கிறது. முடிந்தால் இன்னொரு பாட்டில் தைலம் அனுப்பு. எனக்குச் சளியெல்லாம் இல்லை, சும்மாதான்.

வேலைக்கு நேரமாகிவிட்டது. சொல்ல மறந்துவிட்டேன், தைலம் தேய்க்கும்போது, "நல்லா மணக்குதுடா, அம்மாகிட்ட சொல்லு" என்றார். அவருக்குத்தான் வாசனையே தெரியாதே, அம்மா.

உன் மகன்