‘இல்லை’ என்ற கட்டம்

மார்ச் 4

1. இதை எழுதுபவன் மருத்துவமனையின் சட்ட அலுவலர்.
2. குடலிறக்க அறுவையில் வைத்துத் தைக்கும் வலை பற்றிய ஆய்வுக் கட்டுரையின் முதல் ஆசிரியரான தலைமை அறுவை மருத்துவர் என் தங்கையின் கணவர்.
3. அவரை எனக்குப் பிடிக்காது. பதிவின் நடுநிலையை இது பாதிக்கக்கூடும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கட்டுரையோடு மருத்துவ இதழுக்கு அனுப்ப வேண்டிய படிவம் என் மேசைக்கு வந்தது. ‘ஆசிரியருக்கோ குடும்பத்தினருக்கோ வலை தயாரிக்கும் நிறுவனத்தில் நிதித் தொடர்பு உண்டா?’ ‘இல்லை’ என்ற கட்டத்தில் குறி. கீழே நான் சான்றொப்பமிட வேண்டும்.

அந்நிறுவனத்தின் பங்குகள் என் தங்கை பெயரில் உள்ளன. மாப்பிள்ளை கேட்டபடி, அவற்றை அவர் பெயரிலிருந்து அவள் பெயருக்கு மாற்றும் பத்திரத்தை வரைந்தவன் நானே.

மார்ச் 5

யார் என்ன செய்தார் என்ற பட்டியலையும் பார்த்தேன். ஓராண்டு முழுவதும் நோயாளிகளை மறுபரிசோதனை செய்த பயிற்சிப் பெண் மருத்துவர் ஆசிரியர் வரிசையில் இல்லை. நன்றியுரையில், தட்டச்சருக்கு அடுத்து இருக்கிறார். அழைத்துக் கேட்டேன்.

“பங்கு விஷயத்தை எழுதணும்னு சொன்னேன் சார். மறுநாளே என் பேரு போச்சு.”

மார்ச் 6

மாப்பிள்ளையின் அறை. கையுறையைக் கழற்றியபடியே, “மச்சான், முற்றுப்புள்ளி இருக்கான்னு பாக்கறது உங்க வேலை. கத்தி பிடிச்சவன் நான்.”

“அந்தப் பொண்ணு பேரு ஏன் இல்லை?”

“எடுபிடியெல்லாம் ஆசிரியரா?” பிறகு குரலைத் தாழ்த்தி, “பத்திரம் எழுதினது யாரு? நான் மாட்டினா நீங்களும்தான்.”

என்ன திமிர்! ஆனால் பொய்யில்லை. ஊருக்கு உபதேசம் செய்கிறவன், படிவத்தோடு வெளியே வந்துவிட்டேன்.

மார்ச் 7

ஒப்பமிடவில்லை. மறுக்கவும் இல்லை. கோழை.

மார்ச் 9

தங்கையிடம் சொன்னேன்.

“என் பேர்லயா? எப்போண்ணா?”

நான் பென்சிலால் குறியிட்ட இடங்களிலெல்லாம் கையெழுத்திட்டாளே — என்ன பத்திரம் என்று அவள் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. ஏன்? வருகிறவன் போகிறவனிடமெல்லாம் ‘படித்துப் பாருங்கள்’ என்று சொல்கிறவன்தானே நான்?

“அவரு நீட்டியிருந்தா யோசிச்சிருப்பேன். நீ நீட்டினதாலதான் கண்ணை மூடிட்டுப் போட்டேன்.”

மல்லாந்து துப்பியிருக்கிறேன்.

மார்ச் 11

இதழாசிரியருக்கு வாக்குமூலம் அனுப்பிவிட்டேன். அதன் இறுதிப் பகுதி:

‘படிவத்தில் உள்ள “இல்லை” உண்மைக்குப் புறம்பானது. பத்திரம் வரைந்தவன் நான் என்பதால் சான்றளிக்கத் தகுதியற்றவன். அதன் பொருளை என் தங்கைக்கு நான் தெரிவிக்கவில்லை. இதைச் சுட்டிக்காட்டிய பயிற்சி மருத்துவரின் பெயர் நீக்கப்பட்டுள்ளது.’

ஒப்பம்: சட்ட அலுவலர் (இன்று மாலை வரை).
முதல் சாட்சி: தட்டச்சர்.
இரண்டாம் சாட்சி: என் தங்கை. ‘கவனக்குறைவால் தெரிவிக்கவில்லை’ என்றிருந்ததில் முதல் சொல்லை என் கையாலேயே கோடிட்டு அடிக்க வைத்துவிட்டு, அதன் பிறகுதான் கையெழுத்திட்டாள்.