ஒட்டிக்கொண்ட பக்கம்

மே 4

அன்புத் தம்பிக்கு,

உன் மகளை நான் ‘மக்கு’ என்று சொன்னதாக உறவில் ஒரு பேச்சு சுற்றுகிறது. அந்தச் சொல் என் வாயில் வராது. நான் படித்த கான்வென்டில் அதற்கே முட்டிபோட வைப்பார்கள். உன் வீட்டுக் கூடத்தில் நான் சொன்னது இதுதான்: “இவ படிக்கலடா, ஒப்பிக்கிறா.”

அன்று அவள் பாடத்தை மணி அடித்தாற்போல் வாசித்தாள். நானும் மெச்சிக்கொண்டுதான் இருந்தேன். நடுவில் இரண்டு தாள்கள் ஒட்டிக்கொண்டு சேர்ந்தே புரண்டன. அவள் நிறுத்தவில்லை. மறைந்துபோன பக்கத்தை ஒரு சொல் பிசகாமல் சொல்லிக்கொண்டே போனாள். விரல் மட்டும் வேறு வரிகளின்மேல் ஓடியது.

மக்குப் பிள்ளையால் இது முடியுமா? ஆனால், எழுத்துகள் அவளுக்குச் சொற்களாகக் கூடி வரவில்லை. வாசிக்கச் சிரமப்படும் பிள்ளைகளைச் சோதித்துப் பயிற்சி தரும் அம்மாள் ஒருவர் என் தெருக்கோடியில் இருக்கிறார். ஹாஸ்டலில் சேர்க்கும் முன் அவரிடம் காட்டு.

அன்புடன்,
அக்கா

மே 9

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் முட்டிவலி தேவலையா? நீங்கள் கிளம்பிய பிறகு பிள்ளையின் அம்மா சாப்பிடவே இல்லை. “எம் பொண்ணுக்கு என்ன குறையாம்?” என்று ஒரே அழுகை.

நான் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவன். அவள் கண்ணை நானே சோதித்தேன். சுவர் அட்டையில் கடைசிப் பொடி வரிவரை சொல்கிறாள். தினமும் பாடத்தை நான் உரக்க வாசித்துக் காட்டித்தான் படிக்க வைக்கிறேன். வீட்டில் கிளி மாதிரி சொல்பவள், பள்ளியில் புதிதாக ஒரு பத்தியைக் கொடுத்தால் திருதிருவென்று முழிக்கிறாளாம். திமிர்தான், அக்கா. செல்லம் கூடிவிட்டது. கண்டிப்பான ஹாஸ்டலில் போட்டால் தானாக வழிக்கு வருவாள். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

உங்கள் தம்பி

மே 17

அன்புத் தம்பிக்கு,

முட்டி கிடக்கட்டும். விடையை நீயே எழுதிவிட்டு, நீயே தாண்டிப் போயிருக்கிறாய். நீ வாசிக்கிறாய், அவள் காதால் பிடித்துக்கொள்கிறாள். புதுப் பத்தியை அவளுக்கு யார் வாசித்துக் காட்டினார்கள், முழிக்காமல் இருக்க? கண்ணில் கோளாறு இல்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் அட்டையைச் சொன்னதால் வாசிக்கத் தெரியும் என்று ஆகாது; அது, கடைக்கு வருகிறவர்கள் சொல்லச் சொல்ல, தவழும் வயதிலிருந்தே அவள் கேட்டு வளர்ந்தது.

நேற்று என் வீட்டுக்கு வந்தாள். ஒரு சோப்பு உறையை நீட்டி, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். முதல் எழுத்தைப் பிடித்துக்கொண்டு மீதியை ஊகித்தாள். நெற்றி வியர்த்துவிட்டது. “தலை வலிக்குது அத்தை” என்றாள். உறையை வாங்கி வைத்துவிட்டேன். பிறகு அவளே ஆரம்பித்தாள்:

“அப்பா ஒரு தடவ படிச்சா எனக்கு வந்துடும் அத்தை. ஹாஸ்டல்ல யாரு படிச்சுக் காட்டுவாங்க?”

இதில் திமிர் எங்கே இருக்கிறது? நீ சொல். எனக்குத் தெரியவில்லை.

அவள் அம்மாவும் கூட வரட்டும். பக்கத்தில் உட்கார்ந்து, அந்தப் பயிற்சி அம்மாள் என்ன செய்கிறார் என்று பார்க்கட்டும். அழுவதற்கு அங்கே ஒன்றுமில்லை.

வருகிற வாரம் இவளை அங்கே அழைத்துப் போகலாமா? போனில் கேட்டால் “பாக்கலாம்க்கா” என்பாய். அது எனக்கு வேண்டாம். சம்மதமோ மறுப்போ, எதுவானாலும் எழுத்தில் பதில் அனுப்பு.

அக்கா