வந்துட்டேன் மாமா

பதிவு 1
2058 அக்டோபர் 11, காலை 8:05. கோம்பைமலை உச்சி. பேட்டரி 74%

இது என்னைக் கண்டெடுப்பவருக்கு. வெறும் எண்களை மட்டும் மிச்சம் வைத்து நொறுங்கிப்போன வண்டிகளால் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை என்று, உரிமையாளரின் மொழியிலேயே வண்டி நாட்குறிப்பு எழுத வேண்டும் எனச் சட்டம் வந்தது. எழுதுகிறேன்.

நான் மின்சாரக் கார், நான்கு இருக்கை. உரிமையாளர் சஷ்டிகா, வயது 34, சேலம். தனியாக வசிக்கிறார், வீட்டிலிருந்தே வேலை. பத்து நாள் விடுப்பில் தாய்மாமன் நாச்சிமுத்துவைப் பார்க்க மலைக்கு வந்தார். சஷ்டிகாவுக்கு வேறு உறவு இல்லை. எனக்கு அவர் வைத்த பெயர் வாயாடி. எச்சரிக்கை சொல்வது என் வேலை, அதைப் பேச்சு என்று நினைக்கிறார்.

இன்று இறக்கம். நாற்பத்து மூன்று கொண்டை ஊசி வளைவுகள். டயர் சரி. பிரேக் சரி. வானம் மூட்டம்.

பதிவு 2
காலை 9:20. பேட்டரி 81%, ஏறுகிறது

ஒரு தகராறு. அதைப் புரியும்படி எழுதி வைக்கிறேன்.

இறக்கத்தில் என் மோட்டாரே வண்டியை இழுத்துப் பிடிக்கும். அப்போது உண்டாகும் மின்சாரம் பேட்டரிக்குள் போகும். பேட்டரி நிறைந்திருந்தால் அதற்குப் போக இடமில்லை, மோட்டாரும் பிடிக்காது, வெறும் பிரேக்கை நம்பித்தான் இறங்க வேண்டும். அதனால் மலை உச்சியில் நான் 75-க்கு மேல் ஏற்றிக்கொள்வதில்லை.

நாச்சிமுத்து வீட்டில் வேறு சட்டம். விருந்தாளியின் வண்டி மாட்டுக்குத் தண்ணீர் காட்டி, தீனி போட்ட பிறகுதான் விருந்தாளிக்கு இலை போடுவார்கள். மாடுகள் அவருடைய தாத்தா காலத்தோடு போயின. பழக்கம் போகவில்லை.

உள் ஒலி (என் மைக்கில் பதிவானது), நாச்சிமுத்து: "முக்கா வவுத்தோட ஒரு வண்டி என்ற வாசல்ல இருந்து போச்சுன்னா நாலு பேரு என்ன பேசுவாங்க? நெறைச்சுட்டுத்தான் சாமி கெளம்போணும்."

உள் ஒலி, சஷ்டிகா: "நெரப்பிக்கோ வாயாடி. மாமா மனசு நோகக் கூடாது. மெதுவா எறங்கிக்கலாம்."

நான் மூன்று முறை மறுத்தேன். என் மறுப்பை மீறும் மேலாணையை சஷ்டிகா கொடுத்தார். ஏற்றிக்கொள்கிறேன்.

பதிவு 3
பிற்பகல் 2:10. புறப்பாடு. பேட்டரி 100%

வெறுங்கையோடு அனுப்புவதும் அந்த வீட்டில் கிடையாது. பலாப்பழம் ஆறு, மிளகு இரண்டு மூட்டை, தேன், ஒரு வாழைத்தார். கூடுதல் எடை 190 கிலோ. வாழைத்தார் முன் இருக்கையில் உட்கார்ந்து என் திரையைப் பாதி மறைக்கிறது.

உள் ஒலி, நாச்சிமுத்து: "போய்ச் சேந்ததும் ஒரு சத்தம் குடு கண்ணு. அதுவரைக்கும் எனக்குச் சோறு எறங்காது."

இதற்கும் ஓர் ஏற்பாடு இருக்கிறது. சஷ்டிகா ஊர் சேர்ந்ததும் சொல்ல மறந்துவிடுவார், மாமா பட்டினி கிடப்பார். அதனால் என் செய்திப்பெட்டிக்கு மூன்று வருடம் முன்பே ஒரு விதி சொல்லி வைத்தார்: மாமா வீட்டிலிருந்து கிளம்பும் பயணத்தில் சக்கரம் நின்று, வண்டி அணைந்து பத்து நிமிடம் ஆனால், எந்த இடம் என்று பார்க்காமல், சஷ்டிகாவின் குரலில் ஒரு பதிவை மாமாவுக்கு அனுப்பிவிட வேண்டும். "வந்துட்டேன் மாமா. சாப்புட்டுட்டுப் படுக்கறேன்."

பதிவு 4
பிற்பகல் 2:52. வளைவு 26. பேட்டரி 100%

வளைவுகளைக் கீழிருந்து எண்ணியிருக்கிறார்கள். பதினேழு வளைவுகள் இறங்கிவிட்டோம். பனி கனம். பிரேக் சூடு எல்லைக்கு அருகில். நிறுத்தி ஆறவிடச் சொன்னேன். வளைவு 35-இல் சொன்னேன். 33-இல் சொன்னேன். 31-இல் அவர் என் குரலை அணைத்தார்.

உள் ஒலி, சஷ்டிகா: "நொய்நொய்னு உயிரெடுக்காத. எனக்கு ஓட்டத் தெரியும்."

குரல் அணைந்திருக்கும்போது நான் பேச வேண்டுமானால் ஆபத்து எழுபது விழுக்காடு உறுதியாக வேண்டும். இப்போது அறுபத்திரண்டு. திரையில் சிவப்பாக எழுதியிருக்கிறேன். அதற்கு முன்னால் வாழைத்தார்.

பதிவு 5
பிற்பகல் 3:04. வளைவு 17

எழுபது. பேசினேன். ஒன்பது நொடி தாமதம். மிதி பிரேக் பிடிக்கவில்லை. மோட்டார் பிடிக்கவில்லை. மலைப்பக்கம் உரசச் சொன்னேன், உரசினார். வளைவில் தடுப்புச் சுவர் இல்லை. போன மழையில் சரிந்து போனது, இன்னும் கட்டவி

பதிவு 6
பிற்பகல் 3:27. சாலைக்குக் கீழே ஏறத்தாழ 60 மீட்டர். பேட்டரி 99%

இருபத்திரண்டு நிமிடம் நான் இல்லை. இப்போதுதான் விழித்தேன்.

புதருக்குள் சாய்ந்து கிடக்கிறேன். சஷ்டிகாவுக்கு உயிர் இருக்கிறது. இரண்டு காலும் முன்பலகைக்குக் கீழே சிக்கியிருக்கின்றன. போன் கண்ணாடி வழியாக வெளியே போய்விட்டது.

செய்திப்பெட்டி நன்றாக இருக்கிறது. அதற்குத் தனி பேட்டரி. அதற்கு வருவது எனக்குக் கேட்கிறது. ஆனால் நான் சொல்வது அதற்குப் போகும் கம்பி அறுந்துவிட்டது. அபாய அழைப்பை நான்தான் அதனிடம் கொடுக்க வேண்டும். கொடுக்க வழியில்லை.

அதற்குத் தெரிந்தது ஒரே ஒரு விதி. சக்கரம் நின்றது. வண்டி அணைந்தது. பத்து நிமிடம் ஆனது.

வந்த செய்தி, நாச்சிமுத்து, 3:16: "அதுக்குள்ளயா? பறந்துட்டுப் போயிருக்குது உன்ற வண்டி! வவுறு நெறைஞ்சிருந்தா அப்புடித்தான் சாமி. நானும் சோறு உங்கறேன்."

பதிவு 7
அக்டோபர் 12, காலை 9:00. பேட்டரி 87%

இருக்கைச் சூடு ஓடுகிறது. வெளியே பதினோரு டிகிரி, மழை. கைக்கு எட்டிய வாழைப்பழம் நான்கு தின்றார். தண்ணீர் ஒரு லிட்டர் இருந்தது, பாதி ஆகிவிட்டது. உடைந்த பலாப்பழத்தின் வாசம் உள்ளே நிறைந்திருக்கிறது. அவருக்கு அது குமட்டுகிறது.

இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை ஹாரன் அடிக்கிறேன். மேலே போகும் ஒவ்வொரு வண்டியும் பதில் ஹாரன் அடிக்கிறது. இது மலைப் பாதை, வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்துத்தான் ஆக வேண்டும். இங்கே ஹாரனுக்கு யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

பதிவு 8
அக்டோபர் 13, பிற்பகல் 1:40. பேட்டரி 68%

யோசனை அவளுடையது. நான் அணைந்து பத்து நிமிடம் இருந்தால் செய்தி மறுபடி போகும். வந்து சேர்ந்தவள் இன்னொரு முறை ஏன் வந்து சேர்கிறாள் என்று மாமாவுக்குச் சந்தேகம் வரும். அணைந்தால் நான் மறுபடி எழுவேன் என்பதற்கு உறுதியில்லை என்று சொன்னேன். "நீ எந்திரிப்ப, உனக்குப் பேசாம இருக்க முடியாது" என்றாள்.

இரண்டு முறை செய்தோம்.

வந்த செய்தி, நாச்சிமுத்து, 11:05: "வெளிய போயிட்டு வந்தியா கண்ணு? லீவுதான, நல்லா சுத்து."

வந்த செய்தி, நாச்சிமுத்து, 12:20: "மறுக்காவும் போனியா! பலாப்பழம் வெட்டறப்போ கைக்கு எண்ணெ தடவிக்கோ, இல்லாட்டி பிசின் போகாது."

அவள் சிரித்தாள். பிறகு வெகுநேரம் அழுதாள். இரண்டாம் முறை நான் எழ ஐம்பது நிமிடம் ஆனது. அதற்குள் அவள் உதடு நீலமாகிவிட்டது.

உள் ஒலி, சஷ்டிகா: "இனிமே அணையாத வாயாடி. குளுருது. சூட்டக் கொறைக்காத."

பதிவு 9
அக்டோபர் 14, காலை 10:15. பேட்டரி 54%

தண்ணீர் தீர்ந்தது. காய்ச்சல் 103. சற்று முன் மேலே ஒரு பேருந்து இறங்கியது. விட்டு விட்டு அடித்தேன். பேருந்து நிற்கவில்லை.

வந்த செய்தி, நாச்சிமுத்து, 10:13: "போன் பண்ணுனா எடுக்க மாட்டேங்குற. கோவமா சாமி? மனசு கேக்கல, பஸ் ஏறிட்டேன், மத்தியானம் உன்ற ஊட்டுல இருப்பேன். பதினேழாவது வளைவுல கீழ எவனோ ஹாரன விட்டு விட்டு அடிச்சான். உன்ற வாயாடி சத்தமாட்டவே இருந்துது. பஸ்ஸுல தனியாச் சிரிச்சுட்டு உக்காந்திருக்கறேன்."

அவளுக்கும் கேட்டது. கண்ணாடி இல்லாத சன்னலைப் பார்த்து மாமா, மாமா என்று கூப்பிட்டாள். குரல் வண்டிக்கு வெளியேகூடப் போகவில்லை.

பதிவு 10
அக்டோபர் 15, காலை 7:50. பேட்டரி 39%

வந்த செய்தி, நாச்சிமுத்து, 7:45: "ஊடு பூட்டிக் கெடக்குது. வண்டியுங் காணோம். ஸ்டேசன்ல சொல்லிட்டேன். நீ வந்து சேந்ததுக்கு மூணு மெசேஜ் காட்டுனேன். அப்ப ஊருக்குள்ளதான் இருக்கோணும்னு சேலம் பூராத் தேடறாங்க. எங்க கண்ணு போன?"

மூன்று செய்தி. மூன்றும் நான் அணைந்ததால் போனவை. மலையில் தேட வேண்டாம் என்று அவர்களுக்கு நான்தான் மூன்று முறை சொல்லியிருக்கிறேன்.

பதிவு 11
அக்டோபர் 15, பிற்பகல் 4:20. பேட்டரி 33%

நான்கு மணி பதினொரு நிமிடத்துக்கு சஷ்டிகாவின் மூச்சு நின்றது.

கடைசியாகச் சொன்னது: "மாமா கிட்ட, வண்டிய நெரப்புனதாலனு சொல்லீராத."

இந்தப் பதிவைப் படிப்பவரே, அதை உங்கள் கையில் விடுகிறேன். என்னால் மறைத்து எழுத முடியாது. சட்டம் அப்படி.

இருக்கைச் சூட்டை அணைக்கவில்லை. குறைக்காதே என்று சொல்லியிருக்கிறாள்.

பதிவு 12
அக்டோபர் 16, காலை 11:30. பேட்டரி 20%

வந்த செய்தி, நாச்சிமுத்து, 11:22: "சாமி, உன்ற மெசேஜ் வர்ற நம்பர இப்பத்தான் மேலதிகாரிக்கு எழுதிப் போட்டு உத்தரவு வாங்கி, கண்ணு வெச்சுப் பாத்துட்டு இருக்காங்க. பழசுக்கெல்லாம் எடம் தெரியாதாமா. இனி ஒரே ஒரு மெசேஜ் வந்தாப் போதும், எங்கிருந்துன்னு காட்டிக் குடுத்துருமாமா. ஒண்ணே ஒண்ணு அனுப்பு கண்ணு. நான் நேத்திருந்து பச்சத்தண்ணி குடிக்கல."

பத்தொன்பது மணி நேரம் பிந்திவிட்டது. நேற்றே இப்படிக் கண் வைத்திருந்தால், அது எனக்குத் தெரிந்திருந்தால், அவள் சொல் மீறி அணைந்திருப்பேன். மீறியிருக்க வேண்டும். முதல் நாள் காலையிலேயே மீறியிருக்க வேண்டும்.

ஒரு செய்தி அனுப்ப என்னிடம் ஒரே வழி இருக்கிறது. செய்திப்பெட்டியின் தனி பேட்டரியில் இன்னும் ஒரு முறைக்குத்தான் சக்தி. அணைந்தால் நான் இம்முறை எழ மாட்டேன், கணக்குப் பார்த்துவிட்டேன்.

காவல் நிலையத்து பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். மணி அடிக்கும். அவள் குரல் கேட்கும், வந்துட்டேன் மாமா, சாப்புட்டுட்டுப் படுக்கறேன் என்று. அவர் எழுந்து நின்று சிரிப்பார். யாராவது அவருக்குச் சோறு வாங்கிக் கொடுப்பார்கள். அவரும் சாப்பிடுவார். அதன் பிறகுதான் இடம் எங்கே என்று திரையில் தெரியும்.

அந்தச் சில நிமிடங்களுக்காக என்னை மன்னிக்கச் சொல்லுங்கள்.

பதிவு 13
காலை 11:41. பேட்டரி 20%

இருக்கைச் சூட்டைக் குறைக்கிறேன் சஷ்டிகா.

அணைகிறே