கூப்பென் என்று எழுதப்பட்ட குப்பன்

நைனா,

நேற்று மாலை வேளச்சேரி ஸ்டேஷனில் இறங்கியபோது மழை விட்டிருந்தது. தெருவில் முழங்கால் அளவுக்குத் தண்ணீர். அதிலிருந்து எழுந்த சேற்று வாசனை பட்டதும் கால் நின்றுவிட்டது. எல்லோரும் மூக்கைப் பொத்திக்கொண்டு ஆட்டோ தேடினார்கள். நீ இருந்திருந்தால் மூச்சை ஆழமாக இழுத்து, "நம்ம ஏரி வாசன கண்ணு" என்றிருப்பாய்.

நீ பிறந்தது கோட்டூர்புரம் ஆற்றோரக் குடிசையில். வீடுகளுக்குப் பெயிண்ட் அடித்துப் பிழைத்ததும் அடையாறு, மந்தைவெளிப் பக்கம்தான். ஆனால் ஊர் எது என்று யாராவது கேட்டால் வேளச்சேரி என்பாய். உன் அப்பாவும் பெரியப்பாவும் பிறந்த ஊர் அது.

அந்தப் பெரியப்பாவை நீ பார்த்ததே இல்லை. பெயர் குப்பன். மீசை முளைத்த வயதில் கரும்புத் தோட்ட வேலைக்கென்று கப்பலேறித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குப் போனவர். அதன்பின் ஒரு தகவலும் இல்லை. ஒவ்வோர் ஆடி அமாவாசைக்கும் செத்துப்போனவர்கள் எல்லோருக்கும் நம் வீட்டில் படையல் இலை விழும். அவருக்கு மட்டும் விழாது.

"நூறு வயசு தாண்டியிருக்கும். இன்னுமா உசுரோட கீறாரு?" என்று அம்மா கேட்பாள்.

"செத்துட்டாருன்னு உங்கிட்ட எவனாச்சும் வந்து சொன்னானா? எங்கப்பன் போடல. நானும் போட மாட்டேன்."

அம்மா போன பிறகு, உனக்கு முதல் முறை நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று, நீயாகவே பேச்சை எடுத்தாய். "நானும் பூட்டா அவரு இன்னா ஆனாருன்னு கேக்கக்கூட ஆள் இல்லாம பூடும். கம்ப்யூட்டர்ல தேடிப் பாரு கண்ணு."

பல் டாக்டரின் கிளினிக்கில் வருகிறவர்களின் பெயரை எழுதுகிற வேலை எனக்கு. விடுமுறை கிடைத்த நாட்களிலெல்லாம் கோட்டூர்புரம் நூலகத்தில் உட்கார்ந்தேன். கப்பலில் போனவர்களின் பழைய பதிவுகளை இப்போது இணையத்தில் பார்க்கலாம். ஆங்கிலத்தில் கே எழுத்தில் தொடங்கிக் குப்பன் என்று போட்டால் எத்தனையோ குப்பன்கள் வந்தார்கள். வேளச்சேரிக் குப்பன் ஒருவர்கூட இல்லை. வீட்டுக்கு வந்தால் நீ வாசலிலேயே நிற்பாய். நான் தலையாட்டியதும் ஒன்றும் கேட்காமல் உள்ளே போய்விடுவாய்.

ஒருநாள், பதிவேட்டில் எழுதினவனுக்குத் தமிழ் தெரியாதே என்று உறைத்தது. அவன் காதில் விழுந்ததைத்தானே எழுதியிருப்பான்? ஒரு வெள்ளைக்காரன் வாயில் வைத்துப் பார்ப்பதுபோல் முணுமுணுத்துப் பார்த்தேன். குப்பன், கூப்பன், கூப்பென். சி எழுத்தில் தொடங்கித் தேடினேன். பதிவு எதுவும் அகப்படவில்லை. ஆனால் குடும்ப வரலாறு தேடுகிறவர்களின் பக்கமொன்றில் டர்பன்காரர் ஒருவர் பல ஆண்டுகளுக்கு முன் போட்ட கேள்வி வந்தது. "என் தாத்தா கூப்பென், மெட்ராஸ் பக்கம் வலசாரி என்ற ஊர். தம்பி பெயர் யகாம்ப்ரம். அந்த ஊர் எங்கே இருக்கிறதென்று யாருக்காவது தெரியுமா?"

வலசாரி. வேளச்சேரி. யகாம்ப்ரத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தேன். ஏகாம்பரம்! உன் அப்பா. பக்கத்தில் படித்துக்கொண்டிருந்த பெண் தண்ணீர் பாட்டிலை நீட்டியபோதுதான் நான் அழுதுகொண்டிருப்பதே எனக்குத் தெரிந்தது.

அந்தக் கேள்விக்குக் கீழேயே பதில் போட்டேன். அடுத்த ஞாயிறு அந்த டர்பன்காரர் வீடியோவில் வந்தார். நரைத்த மனிதர், பள்ளியில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தமிழ் வராது. நீ வணக்கம்கூடச் சொல்லவில்லை. "அவங்க தாத்தா எந்தக் கையால சோறு துன்னுவாருன்னு கேளு" என்றாய்.

கேட்டேன். அவர் இடது கையைத் தூக்கிக் காட்டினார். அடித்தும் திட்டியும் கடைசிவரை யாராலும் மாற்ற முடியவில்லையாம்.

"பீச்சாங்கைதான். எங்கப்பன் சொல்லும்" என்றாய். "உனக்கு அண்ணன் மொற கண்ணு இவரு."

பெரியப்பா தொண்ணூறு வயதைக் கடந்து வாழ்ந்தாராம். கணக்குப் பார்த்தால், அவர் அங்கே கண்மூடியபோது இங்கே உனக்குக் கல்யாணமே ஆகியிருந்தது. தெரிந்திருந்தால் ஒரு கடிதமாவது போட்டிருக்கலாமே என்று நான் மனம் நொந்தேன். நீ வேறு மாதிரி பார்த்தாய். "நல்லவேள. உசுரோட இருந்தவருக்கு எங்கப்பன் படையல் போடல."

அங்கே அவருடைய பெயரே குடும்பப் பெயராகிவிட்டது. பேரன், பேத்தி, வந்த மருமகள்கள் எல்லோரும் கூப்பென். அதற்கு என்ன அர்த்தம் என்று அண்ணன் ஆசையாகக் கேட்டார். அத்தனை பேர் பெருமையாகச் சுமக்கிற பெயரைக் குப்பை என்று எப்படிச் சொல்வது? அழகான அர்த்தம் ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாமா என்று உன்னிடம் மெதுவாகக் கேட்டேன்.

"இன்னாத்துக்குப் பொய்யி? அவருக்கு முன்ன பொறந்த ரெண்டும் தங்கல. இதுனாச்சும் தங்கட்டும்னு குப்பமேட்ல போட்டு எடுத்தா அவங்கம்மா. எமன் பாத்தா, குப்பதானேன்னு வுட்டுட்டுப் போவணும். அதுக்கு வச்ச பேருன்னு சொல்லு."

சொன்னேன். அண்ணன் அதை ஒரு தாளில் எழுதிக்கொண்டார். பிறகு, "அப்படியானால் அந்தத் தாய் ஜெயித்துவிட்டாள்" என்றார். நீ முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டாய்.

அந்த ஆடியில் பெரியப்பாவுக்கு முதல் இலை விழுந்தது. நீயே பரிமாறினாய். அடுத்த ஆடி வருவதற்குள் நீயும் போய்விட்டாய்.

இப்போதெல்லாம் கிளினிக்கில் யார் வந்தாலும், "உங்க பேர வாயால ஒரு தடவ சொல்லுங்க" என்று கேட்டு, காதில் வாங்கிக்கொண்ட பிறகுதான் எழுதுகிறேன்.

போன வாரம் அண்ணன் கேட்டிருந்தார். குடும்ப மரத்தில் ஏகாம்பரத்துக்குக் கீழே உன் பெயரைச் சேர்க்கிறாராம். ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது? உன் ரேஷன் கார்டில் ஒரு விதம், வாக்காளர் அட்டையில் இன்னொரு விதம். இரண்டையும் அனுப்ப மனம் வரவில்லை. போனை வாயருகே வைத்து, அம்மா உன்னைக் கூப்பிட்ட மாதிரி உன் பெயரைச் சொல்லி அனுப்பினேன். அவர் சொல்லிப் பார்த்து அனுப்பினார். தப்பு. மறுபடி சொன்னேன். மறுபடி தப்பு. அவரும் விடவில்லை, நானும் விடவில்லை. கடைசியில் சரியாக வந்தது. கொஞ்சம் கரகரத்த, வயதான ஆண் குரலில் உன் பெயர்.

அதை அழிக்காமல் வைத்திருக்கிறேன், நைனா. கடலுக்கு அந்தப் பக்கம் உன்னைச் சரியாகக் கூப்பிட ஓர் ஆள் இருக்கிறார்.