கட்டுக்கம்பி

28-6-1981, ஞாயிறு

இன்று சின்னதம்பியை ஸ்பேனரால் அடித்தேன். தோளில் பட்டது. தலையில் பட்டிருக்க வேண்டியது, குனிந்துவிட்டான்.

மாவு மில் இன்ஜினில் கவர்னர் ஸ்பிரிங் அறுந்துபோயிருக்கிறது. இன்ஜின் தறிகெட்டு ஓடாமல் பிடித்து வைப்பதே அந்தக் கவர்னர்தான். என் தம்பி சின்னதம்பி, பெரிய மகாராஜா, என்ன செய்தான்? ஸ்பிரிங் இருந்த இடத்தில் கட்டுக்கம்பியை முறுக்கிக் கட்டி, டீசல் முழுசாகப் போகிற மாதிரி இழுத்து வைத்து, நாலு நாளாகக் கேழ்வரகு அரைத்துக்கொண்டிருக்கிறான். பாரம் குறைந்தால் இன்ஜின் வெறி பிடித்து ஓடும். அவனுக்குத் தெரியாதா? தெரியும்.

"ஓடுதில்ல? அப்புறம் இன்னாண்ணா?" என்றான். அந்த "இன்னாண்ணா"வுக்குத்தான் அடி.

அவன் பெண்டாட்டி கெங்கம்மாள் நடுவில் வந்து விழுந்தாள். "அடிக்கறதா இருந்தா என்னைய அடிங்க மாமா!" அவளைத் தள்ளிவிட்டு, கம்பியைப் பிய்த்து எடுத்துச் சுவர் ஆணியில் மாட்டினேன்.

2-7-1981

முழுசாகப் பிரித்துப் போட்டேன். இரண்டு நாள், ஒருத்தரையும் கிட்டே விடவில்லை. பிஸ்டன் வளையம், வால்வு எல்லாம் டீசலில் கழுவித் துடைத்துப் பழையபடி பூட்டினேன். இந்த மலையில் இதைச் செய்ய வேறு எவன் இருக்கிறான்? ஸ்பிரிங் ஒன்றுதான் பாக்கி.

5-7-1981

கெங்கம்மாளின் அப்பன் கோபால்சாமி சேவலோடு வந்துவிட்டார். இன்ஜினுக்குக் காவு கொடுக்காததால்தான் கோளாறாம். நான் வேண்டாம் என்று சொல்வதற்குள் கழுத்தை அறுத்து, துடைத்து வைத்த ஃபிளைவீல் சக்கரத்தின் மேலே ரத்தத்தைப் பீய்ச்சிவிட்டார். தலையில்லாத சேவல் மில் முழுக்கத் துள்ளியது.

அவர் சட்டையைப் பிடித்தேன். "மாமனார்னு பாக்கறேன்" என்றேன். "உன் தம்பிக்குத்தான்யா நான் மாமனாரு, உனக்கு இன்னா?" என்று என் மார்பில் குத்தினார். சின்னதம்பிதான் பிரித்துவிட்டான். ரத்தம் காய்ந்து ஒட்டிக்கொண்டது, சுரண்டிச் சுரண்டி நகம் போய்விட்டது.

12-7-1981

சைக்கிள் சீட்டு ஸ்பிரிங்கைச் சூடு பண்ணி நானே ஒன்று சுற்றினேன். இரண்டு நாள் நன்றாக ஓடியது. இன்று அறுந்து கண்ணுக்குக் கீழே அடித்தது. அரை விரல் மேலே என்றால் கண் போயிருக்கும்.

சின்னதம்பி சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் கொன்றிருப்பேன்.

20-7-1981, திங்கள்

சின்னதம்பியை வேலூருக்கு அனுப்பினேன். அறுந்த ஸ்பிரிங்கை மாதிரிக்குக் கொடுத்து, அசல்தான் வேண்டும் என்று பத்துத் தடவை சொன்னேன். வெள்ளிக்கிழமை அம்மனுக்குக் கூழ். அதற்குள் வந்துவிட வேண்டும்.

22-7-1981

எழுத முடியவில்லை.

23-7-1981

எழுதித்தான் ஆகவேண்டும். யாரிடமாவது சொல்ல வேண்டுமே – இந்த நோட்டிடமாவது.

நேற்றுக் காலையிலிருந்து மில் வாசலில் கூட்டம். கூழுக்கு மாவு வேண்டும், எல்லோர் தலையிலும் கேழ்வரகு மூட்டை. ஸ்பிரிங் வரட்டும் என்றேன். ஒருத்தி சொன்னாள்: "சின்னதம்பி இருந்தா ஒரு கம்பிய கட்டி ஓட்டிப்புட்டிருப்பான். இவரு படிச்ச இன்ஜினீரு!" எல்லோரும் சிரித்தார்கள்.

அவ்வளவுதான். அந்தச் சிரிப்புக்குத்தான். ஆணியில் தொங்கிய கம்பியை எடுத்து, ஏதோ எனக்கு மட்டும் தெரிந்த வித்தை மாதிரி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி மறைத்துக்கொண்டு, கட்டிங் பிளேயரால் முறுக்கிக் கட்டினேன். ஓடியது. ஆறு மூட்டை அரைத்தேன். கெங்கம்மாள் கல்லுக்கு மேலே பலகையில் நின்று தானியம் கொட்டிக்கொண்டிருந்தாள்.

ஏழாவது மூட்டையை அவிழ்க்கத் தாமதம். கல்லில் அரைக்க ஒன்றும் இல்லை. இன்ஜின் சத்தம் ஏற ஆரம்பித்தது. தரை அதிர்ந்தது. கூட்டம் அலறி வெளியே ஓடியது. பாரம் ஏற்றினால் வேகம் அடங்கும் என்று நான் கத்தினேன் – "கொட்டு! ஓடாத, கொட்டுடி! கொட்டு!"

அவள் ஓடவில்லை. என் பேச்சைக் கேட்டுக் கூடையைத் தூக்கினாள். பெல்ட் பிய்ந்து, வளைத்து அடித்து, வலது கையைச் சுற்றி இழுத்துக்கொண்டது. நான் ஈரச் சாக்கை இன்ஜினுக்குள் காற்றுப் போகிற வாயில் அடைத்து இன்ஜினை நிறுத்தினேன். நிறுத்திய பிறகு பார்த்தால் முழங்கைக்குக் கீழே ஒன்றும் இல்லை. மாவெல்லாம் ரத்தம்.

ஐயோ, நான்தானே கொட்டச் சொன்னேன்.

25-7-1981

கெங்கம்மாள் வேலூர் பெரிய ஆஸ்பத்திரியில். உயிர் இருக்கிறது. முழங்கைக்கு மேலேயே எடுத்துவிட்டார்களாம்.

சின்னதம்பி நேற்று ஸ்பிரிங்கோடு மலை ஏறினான். கோபால்சாமியும் அவர் மகன்களும் பஸ் நிற்கிற இடத்திலேயே பிடித்து, புளியமரத்தில் கட்டி, புளி அடிக்கிற கழியால் அடித்தார்கள். இன்ஜினில் கம்பி கட்டுகிறவன் அவன்தான் என்று ஊருக்கே தெரியும், வேலூருக்குக் கிளம்பும்போது கட்டிவிட்டுப் போன கம்பிதான் என்று நினைத்துவிட்டார்கள். வேறு யாரைச் சந்தேகப்படுவார்கள்? நானோ, கம்பி கட்டினதற்காக அவனை ஸ்பேனரால் அடித்தவனாயிற்றே!

மூக்கு உடைந்து வாயெல்லாம் ரத்தம். அப்போது அவன் சொன்னதுதான் என்னைக் கொல்கிறது. "திங்கக்கெழம காலையில எங்க வூட்டு கேவுரு அரைக்கக் கட்டினேன். அவுத்தேனா இல்லியா... தெரியலியே. மறந்துட்டேன் போலக்கீது."

அவிழ்த்துத்தான் போயிருந்தான். ஆணியில் தொங்கியதே! நான் வாயைத் திறக்கவில்லை. மரத்தில் கட்டியிருந்த கயிற்றை மட்டும் அவிழ்த்துவிட்டேன். "என்னால அவ கை போச்சிண்ணா" என்று என் தோளில் சாய்ந்து அழுதான்.

26-7-1981

என் பெண்டாட்டி அம்மாக்கண்ணுவிடம் சொன்னேன். "வாய மூடிக்கினு இரு. அவன் ஏற்கெனவே அடி வாங்கியாச்சு. நீயும் போய் வாங்கினா அவளுக்கு கை முளைக்கப்போவுதா?" என்றாள்.

கன்னத்தில் ஓர் அறை விட்டேன். அவள் சொன்னதில் என்ன தப்பு? நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

2-8-1981

ஆஸ்பத்திரிக்குப் போனேன். சின்னதம்பி டீ வாங்க வெளியே போன நேரம், கெங்கம்மாள் கண்ணைத் திறந்தாள்.

"மாமா, அன்னிக்கு கம்பிய நீங்கதான கட்னீங்க."

"ஆமாம்மா."

"அவரு தாந்தான்னு நெனச்சிக்கினு தெனம் அழுவறாரு. சொல்லலியா?"

தண்ணீர் டம்ளரை எடுத்து நீட்டினேன். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். ஏன் அவளே சொல்லவில்லை? எனக்கு விட்டு வைத்திருக்கிறாளா? திட்டியிருந்தால் தேவலை.

14-8-1981, வெள்ளி

கெங்கம்மாள் புதன்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டாள். இன்று அம்மன் கோயிலில் பஞ்சாயத்து. சின்னதம்பி கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும் – கம்பி கட்டியது தான்தான் என்று. பொய்ச் சத்தியம் செய்தால் வீடே விளங்காது என்பது இங்கே எல்லோருக்கும் பயம். அவனுக்கு அது பொய் என்றே தெரியாது. தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு கற்பூரத் தட்டை நோக்கிக் கையை நீட்டினான்.

தட்டை எட்டி உதைத்தேன். கற்பூரம் எரிந்தபடியே போய் விழுந்தது.

"நான்தாண்டா கட்னேன்! நீ அவுத்துட்டுத்தான் போன. நான் கட்னேன், நான்தான் அவள கொட்டச் சொன்னேன்!"

பிறகு யார் யார் அடித்தார்கள் என்று தெரியாது. கோபால்சாமியின் கழி மட்டும் தெரிந்தது. இரண்டு விலா எலும்பு போயிருக்கும், மூச்சு விட்டால் குத்துகிறது. சின்னதம்பி அடிக்கவில்லை. தடுக்கவும் இல்லை. என் முகத்தில் துப்பிவிட்டு வெளியே போனான்.

எங்கள் மலையில் அடி ஓய்ந்த பிறகு, பாதிக்கப்பட்டவரைக் கேட்டுத்தான் தீர்ப்பு. ஊர்க்கவுண்டர் கெங்கம்மாளைக் கேட்டார். ஊரை விட்டுத் தள்ளச் சொல்வாள் என்று நினைத்தேன். இன்ஜினை எழுதித் தரச் சொல்வாள் என்று அம்மாக்கண்ணு நினைத்தாளாம்.

"என் சோத்துக்கை செஞ்ச வேலைய அவரு செய்யட்டும்" என்றாள். "எத்தினி நாளைக்கு?" என்று கேட்டார் கவுண்டர். "எனக்கு கை இல்லாத வரிக்கும்."

17-8-1981

தண்ணீர் எடுத்தேன். விறகு உடைத்தேன். வழியில் பெண்கள் சிரித்தார்கள். கோடரி கையில்தான் இருந்தது.

6-9-1981

மில் ஓடுகிறது. அசல் ஸ்பிரிங்கைச் சின்னதம்பியே மாட்டியிருக்கிறான். நான் உள்ளே போவதில்லை. அவன் என்னிடம் பேசுவதும் இல்லை.

இன்று அவர்கள் வீட்டில் களி கிண்டினேன். ஒரு கையால் முடியாத வேலை. பானையைக் காலால் அணைத்துக்கொண்டு, துடுப்பை இரண்டு கையாலும் பிடித்துக் கிண்ட வேண்டும். விலா வலிக்கு உயிர் போயிற்று. அடுப்புப் புகையில் கண் திறக்க முடியவில்லை. போதும் என்று துடுப்பை எடுத்தேன்.

கெங்கம்மாள் இடது கை விரலைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டுப் பார்த்தாள்.

"உள்ள மாவு வேவல மாமா. கிண்டுங்க."

வாசலில் சின்னதம்பி தட்டோடு உட்கார்ந்திருந்தான். நான் திரும்பவும் துடுப்பைப் போட்டுக் கிண்டினேன்.