கிழித்துக் கொடுத்த பக்கம்

ஃபெபா,

உப்புமா ஹாட்பாக்ஸில் இருக்கிறது. கொஞ்சமாவது சாப்பிட்டுக் கிளம்பி இரு. கம்பெனியில் பர்மிஷன் எழுதிக் கொடுத்துவிட்டு ஒன்பதரைக்குள் வந்துவிடுவேன்.

போன வாரம் சுகாதார நிலையத்தில் சீட்டு போடும் இடத்தில், உன் மாதவிலக்குத் தேதிகளை என் டைரியைப் பார்த்துச் சத்தமாக வாசித்தது என் தப்பு. தேதி தவறிவிடக் கூடாது என்று மட்டுமே நினைத்தேன். பின்னால் பக்கத்து வீட்டு கிரேஸ் ஆன்ட்டி நின்றதைக் கவனிக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை சபையில் உன் பெயரைச் சொல்லி ஜெபமே பண்ணிவிட்டார்கள். "இனிமே செத்தாலும் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன், போக்கா" என்று நீ கத்தியது நியாயம்தான்.

ஆனால் பதினெட்டு நாளாக ரத்தம் நிற்கவில்லை. நேற்று குளியலறையில் மயங்கி விழுந்தாய். எனக்குப் பயமாக இருக்கிறது.

இன்று கிருஷ்ணகிரிக்குப் போவோம். அங்கே நம்மைத் தெரிந்தவர்கள் இல்லை. பெண் டாக்டர் பன்னிரண்டு வரை இருப்பார், விசாரித்துவிட்டேன். தேதி எழுதிய பக்கத்தைக் கிழித்து இதோடு வைத்திருக்கிறேன். அவரிடம் நீயே கொடு. நான் வெளியே உட்கார்ந்துகொள்கிறேன். இதையாவது சரியாகச் செய்கிறேனா, தெரியவில்லை.

அக்கா

சாவி என்னிடம் இருக்கிறது. கோபத்தில் உள்தாழ்ப்பாள் மட்டும் போட்டுவிடாதே. நீ மறுபடி மயங்கினால், கதவை உடைக்க கிரேஸ் ஆன்ட்டி வீட்டில்தான் ஆள் கூப்பிட வேண்டும். கூப்பிடுவேன்.